மீனுக்காக வாங்கிய திட்டு

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது, இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்த தன் அத்தாவை, அதாவது அப்பாவை, பார்த்துவிட்டு அவள் என் காதில் கேட்டாள்: "அம்மா, இவங்க எப்பப் போவாங்க?"

காதில் கேட்பதாக அவளுக்கு நினைப்பு. கூடத்துக்கே கேட்டது. அவர் அட்டைப்பெட்டியின் நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். கத்தி சற்று நின்றது. பிறகு மறுபடி அறுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தொடையைத் திருகிக் கிள்ளினேன். அவள் வீறிட்டாள். "புள்ளைய ஏன் கிள்ளுறே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, சாக்லேட் தட்டை அவள் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்கம்மா, கூச்சப்படாதீங்க" என்றார். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், பஸ் நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் ஓடிப்போய் ஏற வேண்டும் என்கிற மாதிரியான ஊர். அப்போது எங்கள் தெருவில் ஆம்பளை என்றால் ஒன்று பள்ளிக்கூடம் போகிற வயசு, இல்லை பல் விழுந்த வயசு. நடுவில் இருந்தவர்கள் எல்லாம் சபரில். சபர் என்றால் எங்களுக்கு வளைகுடா வேலை. என் வீட்டுக்காரர் சார்ஜாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. அதைக் கழுவி, இரை போட்டுப் பார்த்துக்கொள்வதும் அவர் தலையில்தான். எந்த மீனுக்கு எப்போது உடம்பு சரியில்லை என்று அவருக்குப் பார்த்த உடனே தெரியும். பெற்ற மகளுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று தெரியாது.

இதை அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் காலை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறியவர், மத்தியானம் ஒரு வாடகை வேனில் வந்து இறங்கினார். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, காற்று விடுகிற மோட்டார், நீலக் கல், பிளாஸ்டிக் செடி, பாலிதீன் பையில் நாலு குட்டித் தங்கமீன்கள். கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தொட்டியை வைத்து அவர் வேலை செய்யச் செய்ய, கதவுக்குப் பின்னால் இருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மோட்டாரைப் போட்டதும் குமிழ் குமிழாக மேலே வந்தது பாருங்கள், அவ்வளவுதான். ஓடிவந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவர் அசையவே இல்லை. அசைந்தால் அவள் போய்விடுவாளோ என்று பயந்ததுபோல அப்படியே குந்தியிருந்தார்.

நாலில் மூன்று மீன்கள் அந்த வாரமே போய்விட்டன. மிஞ்சிய ஒன்று கெட்டி. அந்த லீவு முழுக்க இரண்டு பேரும் அதன் முன்னால்தான். அவர் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். போர்வெல் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் கால்வாசித் தண்ணீர்தான் மாற்ற வேண்டும்.

"முழுசா மாத்துனா என்னாகும்த்தா?"

"செத்துப்போயிரும்மா. மீனுக்கு அது ஒரே நாள்ல ஊரு மாறுற மாதிரி. புது எடம், புதுக் காத்து, ஒண்ணும் புடிபடாது. மூச்சு முட்டிப்போயிரும்."

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் புளி கரைக்கப் போய்விட்டேன். கிளம்புகிற அன்று, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதித் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை போன் வந்தால் இவள் கையில் ரிசீவரைத் திணிப்பேன். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பார். "ம்" என்பாள். "சாப்பிட்டீங்களா?" "ம்." அதோடு என்னிடம் நீட்டிவிடுவாள். மீன் வந்த பிறகு கதையே மாறிவிட்டது. மணி அடித்ததும் இவள்தான் பாய்ந்து எடுப்பாள். மீன் இன்றைக்கு எத்தனை குருணை தின்றது, கல்லைக் கொத்தியது, கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை போட்டது. அவர் அங்கிருந்து சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும்போது, "கார்டு தீரப்போவுது, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுவார். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பொறாமையும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கும் மேல் இப்படி ஓடியது. அவர் ஆடியில் வருவதாக இருந்தது. அரபி குடும்பத்தோடு வெளிநாடு போகிறானாம், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமாம், லீவு ஆறு மாசம் தள்ளிப்போய்விட்டது. மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் மீனுக்கு நோவு வந்தது.

முதலில் அவள்தான் கண்டுபிடித்தாள். செதில்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, உப்புத் தூளைத் தெளித்ததுபோல. துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றது. நடுநடுவே கல்லில் உடம்பைத் தேய்த்தது. இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மீனுக்காக இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது போய்விட்டால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருக்காது. மறுபடி "நல்லா இருக்கீங்களாம்மா", மறுபடி "ம்". அடுத்த லீவில் வருகிறவரைப் பார்த்து இவள் எப்பப் போவாங்க என்று கேட்கமாட்டாள், வயசு வந்துவிட்டது. ஆனால் மனசுக்குள் கேட்பாள்.

மறுநாளே தஞ்சாவூருக்குப் போய் அந்த மீன் கடைக்காரரிடம் நின்றேன். அவர் நிதானமான மனுஷர்.

"வெள்ளைப்புள்ளி நோவுங்க. பொழைக்க வச்சிரலாம். கல்லுப்பக் கரைச்சு ஊத்துங்க. இந்த நீல மருந்து தெனம் நாலு சொட்டு. தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, அவசரப்படாதீங்க."

சொன்னபடி செய்தேன். தொட்டி முழுக்க நீலமாகிப் போனது. அந்த வெள்ளிக்கிழமை போனில் மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவரும் அதையேதான் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. கால்வாசித் தண்ணி, மறந்துராதீங்க." ஞாயிற்றுக்கிழமை மீன் இரண்டு குருணை தின்றது. இவள் அந்த இரண்டு குருணையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது.

அந்த வருஷம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தியதும் கொல்லைப்புறமாக ஓடினோம். காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்காலில், முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். புதுத்தண்ணீரைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது. சின்ன வயசில் அந்தத் தண்ணீர் வயலுக்குள் ஏறும்போது கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறுவதைக் கையாலேயே பிடித்திருக்கிறேன். புதுத்தண்ணீரில் மீன் துள்ளாமல் நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் ஒரு மீன், மருந்து நாறுகிற நீலத் தண்ணீரில் கிடந்து மூச்சு வாங்குகிறது, பத்து அடி தள்ளிக் காவிரி ஓடுகிறது. என் புத்தி அப்படித்தான் போனது.

நாலு குடம் மொண்டு வந்தேன். சேறாக இருந்தது. எங்கள் பக்கம் புதுத்தண்ணீரைக் குடிக்க என்ன செய்வோமோ அதையே செய்தேன். படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் கலங்கல் எல்லாம் அடியில் உட்கார்ந்து மேலே பளிங்காகத் தெளிந்துவிட்டது. நானே ஒரு டம்ளர் குடித்தும் பார்த்தேன். பிறகு தொட்டியில் இருந்த நீலத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொல்லையில் கொட்டிவிட்டு, கல்லைக் கழுவிப் போட்டு, புதுத்தண்ணீரை முழுசாக நிரப்பினேன். சுவரில் அவர் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மீன் தொட்டிக்குள் இங்கும் அங்கும் பாய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியாடி, எப்படித் துள்ளுது!" என்றேன்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, முழுசாவா மாத்துனே?"

"ஆமா. இப்ப என்ன அதுக்கு?"

"அத்தா கால்வாசின்னாங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒங்கத்தாவுக்கு அரபி வீட்டுத் தண்ணிதான் தெரியும். காவேரித் தண்ணியப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்" என்று கத்தினேன். அவள் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அது துள்ளல் இல்லை. பொழுது சாயும்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், மோட்டாரைக் கூட்டி வைத்தேன், உப்பைப் போட்டேன். என் கை எதையாவது செய்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம்.

எங்கள் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல், பயந்த கோளாறு என்றால் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் செம்பில் தண்ணீரோடு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, அந்தத் தண்ணீரில் ஊதிவிட்டுப் போவார்கள். இந்துப் பெண்களும் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். நான் தேடிக்கொண்டு போனபோது அந்த வரிசையின் கடைசியில் என் மகள், பள்ளிக்கூட யூனிபாரத்தோடு, தலையில் என் தாவணித் துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் செம்பை ஏந்தி நின்றாள். ஒரு பெரியவர் குனிந்து ஊதிவிட்டுக் கேட்டார்: "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"எங்க வீட்டுலங்க" என்றாள்.

"அல்லா சொகமாக்குவான். போய்க் குடுங்க."

ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்து தொட்டியில் ஊற்றினாள். நான் பின்னாலேயே வந்தேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்தபோது மீன் மேலே மிதந்தது. கொல்லையில் மாதுளைச் செடிக்கு அடியில் அவளே குழி தோண்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம்.

அவள் பள்ளிக்கூடம் போன பிறகு மீன் கடைக்குப் போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். "படிகாரம் போட்டீங்களா? ஐயோ. அது செவுளைப் புடிச்சிருமேங்க. மனுசன் குடிக்கலாம், மீனு அதுலயே கெடக்க முடியாதுங்க" என்றார். பிழைத்து வந்த ஜீவனை நான்தான் கொன்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கரண்டு போய்விட்டது, மோட்டார் நின்றுவிட்டது, மீன் செத்துவிட்டது. எங்கள் ஊர் கரண்டைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் முதலில் எடுத்துப் பேச வேண்டும் என்று போனுக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. எங்கிருந்து வந்தாளோ, என் கைக்குக் கீழே புகுந்து எடுத்துவிட்டாள்.

"அத்தா, மீன் செத்துப்போச்சு. நான்தான் தண்ணிய முழுசா மாத்திட்டேன்."

பிறகு அவர் குரல் வந்தது. ரிசீவருக்கு வெளியே, எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அறிவிருக்கா ஒனக்கு? எத்தனை தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? எழுதி ஒட்டிட்டு வந்தேன்ல? கண்ணு எங்க போச்சு ஒனக்கு? ஏழு வயசாவுது, சொன்ன பேச்சுக் கேக்கத் தெரியாதா? ஒரு வேலைய ஒன்ன நம்பி விடலாமா?"

இன்னும் என்னென்னவோ. அந்த மனுஷர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் மீன் மட்டும் இல்லை. தள்ளிப்போன லீவு இருந்தது, அங்கே அவர் எட்டுப் பேரோடு படுக்கிற அறை இருந்தது, ஐந்து வயசுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றதும் இருந்தது. நான் ரிசீவரைப் பிடுங்கப் போனேன். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்ட, "சரித்தா, சரித்தா" என்றாள். நடுவிலேயே கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

"ஏண்டி அப்படிச் சொன்னே?" என்று அவளை உலுக்கினேன்.

"நீ செஞ்சேன்னு சொன்னா ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. அப்பறம் அத்தா வரமாட்டாங்க."

சொல்லிவிட்டு மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். அடுத்தாற்போல் அவள் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. "அம்மா, அத்தா என்னையத் திட்டிட்டாங்கம்மா" என்றாள். அதில் குறை சொல்கிற குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர், தினம் சாயங்காலம் மகளைத் திட்டுகிற சத்தம் எங்கள் கூடம்வரை கேட்கும். இவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் இவள் சொல்வதை நானே கேட்டேன்: "எங்கத்தாவும் நல்லாத் திட்டுவாங்க தெரியுமா."

இதைக் கேட்ட பிறகு நான் எப்படி உண்மையைச் சொல்வேன்? சொன்னால் அந்தத் திட்டை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி. இப்படி நினைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அதில் பாதிதான் நிஜம், மீதி பயம். ஆனால் நான் பயந்தபடி அவர்கள் பேச்சு நின்றுவிடவில்லை. பல் விழுந்தது, கணக்கில் எத்தனை மார்க், டீச்சர் என்ன சொன்னார்கள் என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவர்தான் அதற்குப் பிறகு ஒரு நாளும் அவளைத் திட்டவில்லை. பிளஸ் ஒன்னில் பெயிலானபோதும் இல்லை. தஞ்சாவூரில் என்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கனடா போகிறேன் என்று நின்றபோதும் இல்லை. "நல்லா யோசிச்சுக்குங்கம்மா" என்றார், அவ்வளவுதான். தொட்டி பரணுக்குப் போனது.

இப்போது அவர் சபரை முடித்து வந்து எட்டு வருஷமாகிறது. சர்க்கரை காலைத் தின்கிறது, அதிகம் நடப்பதில்லை. சாயங்காலம், மகள் அங்கே கனடாவில் காலை வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வீடியோவில் வருவாள். போன மாசம் ஒரு நாள் பால் டம்ளரைத் தட்டிவிட்ட பேத்தியை எங்கள் கண்ணெதிரே திட்டித் தீர்த்தாள். பேசி முடித்து வைத்த பிறகு அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவதான் அவள நான் திட்டியிருக்கேன். ஒரு மீனுக்காக. அறியாத புள்ள. இத்தன வருசமா அது நெஞ்சுல உறுத்துது. மனசுல வச்சிருப்பாளோ?" என்றார்.

என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? "அவ மாத்தல. நான்தான் மாத்துனேன். படிகாரம் போட்டு, முழுசா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நான் அவளத் திட்டவே இல்லையா?" என்றார். "தப்பாப் போச்சேன்னு உறுத்தினாலும், ஒரு தடவையாச்சும் பெத்தவனா இருந்து நாலு வார்த்தை கேட்டேன்னு இருந்தேன். அதுவும் இல்லைன்னு ஆயிருச்சா?"

அவரே போனைத் தட்டினார். மகள் காரில் இருந்தாள், ஓரமாக நிறுத்தினாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏம்மா சொன்னே? அது அத்தா எனக்குக் குடுத்தது. அத ஏன் இப்ப எடுக்குறே?" பிறகு அவரிடம், "அத்தா, தண்ணிய யாரு மாத்தினா என்ன? நீங்க என்னையத்தான் திட்டினீங்க. அது என்னோடது. அம்மாவுக்கு வேணும்னா அவங்களத் தனியாத் திட்டுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையால் துடைத்தார். மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிட்டுத்தானே போனேன்?" என்றார். "கால்வாசின்னு எழுதியிருந்தேன்ல? படிக்கத் தெரியாதா ஒனக்கு? அவ்வளவு என்ன அவசரம்? பொழைச்சு வந்துக்கிட்டிருந்த மீனாச்சே அது..." மகள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்துகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை.